ஊரை ஊராரிடம் ஒப்படைத்தவர்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் எழுந்த ஒரு சண்டையிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. சண்டைக்கும் சரித்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கள் வீடு சிதம்பரத்தில், தேரோடும் வீதிகளுக்கு வெளியே, ஒரு குறுகிய தெருவில் இருக்கிறது. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டடி அகலத்தில் ஒரு சாக்கடை ஓடுகிறது. தாத்தா காலத்தில் அதன்மேல் இரண்டு படிகள் கட்டினார்கள். பிறகு அப்பா, வண்டி ஏற்றுவதற்காகச் சிமெண்டில் ஒரு சரிவு போட்டார். அடியில் மண் சேர்ந்து தூர்ந்துபோனதை நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த மழையில் தண்ணீர் போக வழியின்றி எதிர்வீட்டு ஆயா வீட்டுக்குள் புகுந்தது. அவர் பானையில் வைத்திருந்த அரிசி நனைந்தது. ஆயா தெருவில் நின்று எங்களை ஏசினார். நாங்கள் மழையை ஏசினோம்.

அடுத்த வாரம் நகராட்சி ஊழியர்கள் வந்து அளந்து, எங்கள் படியின்மேல் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு போட்டுச் சென்றார்கள். அப்பாவுக்கு வந்த கோபத்தை எழுத்தில் வடிக்க இயலாது. அரையாண்டு தவறாமல் வரி கட்டுகிற வீட்டுக்கு இதுதானா மரியாதை என்றார். வரலாறு படிக்கிறாயே, ஆட்சேபித்து ஒரு மனு எழுது என்று என்னைப் பணித்தார். நானும் இரண்டு பக்கத்துக்கு வீராவேசமாக எழுதி எடுத்துச் சென்றேன். அங்கிருந்த எழுத்தர் ஒன்றும் பேசாமல் நகர நில அளவை வரைபடத்தை விரித்துக் காட்டினார். எங்கள் மனையின் எல்லைக் கோடு சாக்கடையின் உள்விளிம்போடு முடிந்திருந்தது. அதற்கு அப்பால் இருந்தது தெரு. தாத்தாவின் படி நின்ற இடம் எங்களுடையதே அன்று! மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வாரத்தில்தான் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர், ஆண்டு மலருக்கு மறைந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கூறினார். நகராட்சி என்ற ஒன்றை நம் தலையில் கட்டியவர் யார் என்று அறியும் ஆத்திரத்தோடு நூலகத்துக்குள் நுழைந்தேன். அங்கே நான் கண்டவர் ரிப்பன் பிரபு. சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் வெண்மையாக எழுந்து நிற்கும் மாநகராட்சி மாளிகையின் பெயராக மட்டுமே அவரை நான் அறிந்திருந்தேன். ரிப்பனை அப்பன் என்று எதுகை சேர்த்து நம் முன்னோர் போற்றியதையும் கேள்விப்பட்டிருந்தேன். ஓர் ஆங்கிலேயரை, அதுவும் நம்மை ஆள வந்த ஒருவரை, ஏன் அப்படி அழைத்தார்கள்? ஆத்திரம் தணிந்து ஆர்வம் பிறந்தது.

பிறப்பும் வளர்ப்பும்

ஜார்ஜ் ஃபிரெடரிக் சாமுவேல் ராபின்சன் என்பது அவருடைய இயற்பெயர். 1827-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், இலண்டன் டவுனிங் தெருவில் உள்ள பத்தாம் எண் இல்லத்தில் பிறந்தார். அது இங்கிலாந்துப் பிரதமரின் இல்லம். தந்தையார் அப்போது சில மாத காலம் பிரதமராக இருந்தார். இத்தகைய செல்வச் சூழலில் பிறந்தவர் பள்ளிக்கும் சென்றதில்லை, கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை என்றால் நம் மாணவ நண்பர்கள் வியப்பார்கள். வீட்டிலேயே கற்றார். நாமோ கல்லூரிக்கு வந்தும் கற்க மறுக்கிறோம். அது வேறு கதை.

இளமையிலேயே உழைக்கும் மக்கள்பால் அவர் மனம் சென்றது. கிறித்தவ சமதர்மவாதிகள் என்று அழைக்கப்பெற்ற அறிஞர் குழுவோடு பழகினார். எளிய மனிதரும் ஆட்சியில் பங்கு பெற வேண்டும் என்று வற்புறுத்தி 1852-இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதன் கருத்து அளவுக்கு மீறியது என்று அஞ்சி, அவருடைய குழுவின் மூத்தவர்களே அதை வெளிவராமல் தடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் ஹல் என்னும் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் முகவர்கள் கொடுத்த கையூட்டு வெளிப்பட, அந்தத் தேர்தல் செல்லாது என்று ஆயிற்று. அடுத்த ஆண்டு வேறொரு தொகுதியில் நின்று வென்றார். மக்களாட்சியின் மேன்மையை எழுதியவருக்கு அதன் அழுக்கும் முதல் தேர்தலிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும் அவர் நம்பிக்கையைக் கைவிடவில்லை என்பதே நாம் கருதத் தக்கது.

தந்தை மறைந்தபின் 1859-இல் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார். போர் அமைச்சராகவும், சிறிது காலம் இந்திய அமைச்சராகவும் பணியாற்றினார். 1871-இல் அமெரிக்காவோடு இங்கிலாந்துக்கு இருந்த பூசலைத் தீர்த்த வாஷிங்டன் உடன்படிக்கையில் பெரும்பங்கு கொண்டு, மார்க்விஸ் என்ற உயர்பட்டம் பெற்றார். 1874-இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். அக்கால இங்கிலாந்தில் அது அரசியல் வாழ்வைப் பணயம் வைக்கும் செயல். பலர் அவரைத் தூற்றினர். அவரோ தம் மனச்சான்றின் வழியே நின்றார்.

இந்தியாவுக்கு வருகை

1880-இல் கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதமரானதும் ரிப்பனை வைசிராயாக இந்தியாவுக்கு அனுப்பினார். கத்தோலிக்கர் ஒருவரை அப்பதவிக்கு அனுப்பலாமா என்று அங்கே கூச்சல் எழுந்தது. இங்கே அவருக்கு முன்னிருந்த லிட்டன் பிரபுவின் ஆட்சியில் மக்கள் நொந்து கிடந்தார்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின் வடு ஆறவில்லை. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டம் ஒன்று 1878-இல் வந்திருந்தது. ரிப்பன் 1882-இல் அச்சட்டத்தை நீக்கினார். அதற்கு முன்பே, 1881-இல், முதல் தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை ஆலைகளில் வேலைக்கு வைக்கலாகாது என்றும், பன்னிரண்டு வயது வரையுள்ளோரை நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும் அது விதித்தது. இன்று பார்த்தால் இது சிறு கருணை. ஆனால் அதற்கு முன் அந்தச் சிறு கருணையும் இல்லை. 1882-இல் கல்வி நிலையை ஆராய ஹண்டர் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தார்.

இவை எல்லாவற்றிலும் பெரிது, 1882-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அவர் வெளியிட்ட தல சுயாட்சித் தீர்மானம். நான் தேடிச் சென்றது இதைத்தான்.

தீர்மானத்தின் உட்பொருள்

அதற்கு முன்னும் இங்கே நகராட்சிகள் இருந்தன. சென்னை மாநகராட்சி 1688-இலேயே தோன்றியது. நம் கடலூரில் 1866-லும், சிதம்பரத்தில் 1873-லும் நகராட்சிகள் ஏற்பட்டன. ஆனால் அவை ஊராரின் சபைகளாக இல்லை. அரசு நியமித்த கனவான்கள் கூடுவார்கள். மஞ்சக்குப்பத்தில் வீற்றிருந்த தென்னார்க்காடு கலெக்டரின் கண்ணசைவுக்கு ஏற்பவே காரியம் நடக்கும். வரி கொடுப்பவன் ஒருவன், செலவிடுபவன் மற்றொருவன் என்ற நிலை.

ரிப்பன் இதை மாற்ற விரும்பினார். தல சபைகளில் அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, இயன்ற இடங்களில் எல்லாம் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும், தலைவர் பதவியும் கூடியவரை அதிகாரிகளிடம் இருக்கலாகாது, அரசாங்கம் வெளியே நின்று கண்காணிக்கலாமே தவிர உள்ளே புகுந்து ஆட்டிப் படைக்கலாகாது என்று வகுத்தார். சபையின் எல்லை சிறிதாக இருக்க வேண்டும், உறுப்பினருக்குத் தம் பகுதியின் தேவை கண்ணெதிரே தெரிய வேண்டும் என்பதும் அவர் கருத்து.

அதிகாரிகள் பலர் எதிர்த்தார்கள். இந்தியருக்கு நிர்வாகம் தெரியாது, சாலை கெடும், கணக்குக் குழம்பும் என்றார்கள். ரிப்பன் அதற்குச் சொன்ன விடைதான் என்னைச் சிந்திக்க வைத்தது. தொடக்கத்தில் தவறுகள் நேரும் என்பதை அவர் மறுக்கவில்லை. நிர்வாகத்தைச் செம்மையாக்குவதே தம் முதல் நோக்கம் என்றும் அவர் வாதிடவில்லை. மக்கள் அரசியல் பயிற்சி பெறுவதற்கு இது ஒரு பள்ளி என்றார். நீச்சல் கற்பவன் தண்ணீரில் இறங்கித்தானே ஆக வேண்டும்? கரையில் நிற்கும்வரை யார்தான் நீந்தக் கற்றார்?

இத்தீர்மானத்தின் வழியே 1884-இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், தல சபைகள் சட்டமும் வந்தன. நகர்மன்ற உறுப்பினர்களில் பெரும்பகுதியினரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்க வழி பிறந்தது. குறைகளும் இருந்தன. பெண்களுக்கு வாக்கில்லை. ஏழைகளுக்கு வாக்கில்லை. கடமைகள் நிறையக் கிடைத்தன. பணம் குறைவாகவே கிடைத்தது. ரிப்பன் விரும்பிய அளவில் பாதியைக்கூட மாகாண அதிகாரிகள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் விதை மண்ணில் விழுந்துவிட்டது. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் அதை வளர்த்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதற்கு வேலியிட்டது. 2016 முதல் தமிழக உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு என்று சட்டமாயிற்று. 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த கடலூரின் முதல் மேயர் நாற்காலியில் 2022-இல் ஒரு பெண்மணி அமர்ந்தார். ரிப்பனே நினைத்துப் பார்த்திராத வளர்ச்சி இது!

தேரும் சாக்கடையும்

அந்த 74-ஆவது திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகர சபைகளிடம் ஒப்படைக்கத் தக்க பதினெட்டுப் பணிகள் வரிசையாக உள்ளன. நகரத் திட்டம், நிலப் பயன்பாடும் கட்டடங்களும், சாலைகளும் பாலங்களும், குடிநீர், துப்புரவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று அது விரிகிறது. படித்தபோது தனித்தனி இலாகாக்கள் என்றே எனக்குத் தோன்றியது. பின்னர் எங்கள் வீட்டு வாசலை நினைத்துப் பார்த்தேன்.

அந்த இரண்டடிச் சாக்கடை தெருவின் ஒரு பகுதி. ஆகவே அது சாலைப் பணி. அது எங்கள் மனையைச் சேர்ந்ததா, ஊருக்குப் பொதுவா என்பது சொத்துப் பிரச்சினை. தாத்தா எவரிடமும் அனுமதி பெறாமல் படி கட்டியது நகரத் திட்டத்தை மீறிய செயல். தேங்கிய நீரில் கொசு பெருகியதும், ஆயா வீட்டுக்குள் கழிவுநீர் புகுந்ததும் சுற்றுச்சூழல் கேடு. அட்டவணையின் நான்கு வரிகளும் எங்கள் படிக்கு அடியில் வந்து சந்தித்தன! ஒரு மன்றம் இவற்றை ஒருசேரப் பார்க்க வேண்டியிருப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சிதம்பரத்தார் அனைவரும் அறிந்த ஓர் உண்மை உண்டு. ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று வலம் வருகின்றன. அதற்கு ஏற்ற அகலத்தோடு அவ்வீதிகளை நம் முன்னோர் அமைத்தார்கள். கடைக்காரர் எவ்வளவு முன்னே வந்தாலும், தேர் திரும்பும் மூலையில் ஒருவர் சுவர் எழுப்பிவிட முடியுமா? ஊரே திரண்டு கேட்கும். ஆண்டுக்கு இருமுறை ஊரார் கூடி அவ்வீதிகளை அளந்து பார்ப்பது போலத்தான் தேர் ஓடுகிறது. ஆனால் எங்கள் தெருச் சாக்கடைக்குத் தேர் வருவதில்லை. அங்கே ஊராரின் கண் இல்லை. கண் இல்லாத இடத்தில் தாத்தா படி கட்டினார், அப்பா சரிவு போட்டார், நான் அதன்மேல் அமர்ந்து பாடம் படித்தேன். ஊராரின் கண்ணை ஒவ்வொரு தெருவுக்கும் கொண்டுவரும் ஏற்பாட்டையே ரிப்பன் தல சபை என்ற பெயரில் செய்தார் என்று நான் கொள்கிறேன்.

நாள்தோறும் சுமார் 45 கிலோமீட்டர் பயணம் செய்து கடலூருக்கு வரும் நான், இங்கும் இதையே காண்கிறேன். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், தேவனாம்பட்டினம் என்று தனித்தனியே வளர்ந்த ஊர்களை ஒரே நகரமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். நடுவே கெடிலம் ஓடுகிறது. ஒரு பக்கம் கடல். 2004-இல் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தது. 2015-இல் பெருவெள்ளம் வந்தது. இத்தகைய ஊரில் எந்த மழைநீர் வாய்க்காலும் ஒரு வீட்டாரின் வாசல் விவகாரமாக மட்டும் இருக்க முடியுமா? மேட்டில் இருப்பவர் அடைத்தால் பள்ளத்தில் இருப்பவர் மூழ்குகிறார். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விட வேண்டும் என்ற விதியும் இந்த எண்ணத்தில் பிறந்ததே. அந்த இடத்தில் குழந்தைகள் ஓடலாம். மழைநீர் நிலத்தில் இறங்கலாம்.

அப்பா எழுப்பிய கேள்விக்கும் இங்கே விடை கிடைத்தது. சொத்து வரி கட்டுகிறோம் என்பதால் தெருவில் இரண்டடி நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. தெருவிளக்கு, துப்புரவு, வாய்க்கால் ஆகிய பொதுச் செலவில் நம் பங்கு அது. எதிர்வீட்டு ஆயாவும் தம் சிறிய ஓட்டு வீட்டுக்கு அதே வரியைத்தானே கட்டுகிறார்? தொகை வேறு, உரிமை ஒன்று.

நாடு திரும்பிய பின்

ரிப்பன் பிரபுவின் ஆட்சி வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. 1883-இல், ஐரோப்பியரின் வழக்குகளை மாவட்டங்களில் இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதாவைக் கொண்டுவந்தார். இங்கிருந்த ஆங்கிலேயர் கொதித்தெழுந்து அவரை அவமதித்தார்கள். இறுதியில் ஐரோப்பியர் தம் இனத்தார் பாதிப்பேர் அமர்ந்த ஜூரியைக் கேட்டுப் பெறலாம் என்று விட்டுக்கொடுக்க நேர்ந்தது. மசோதாவின் உயிரே போய்விட்டது. இது அவருக்கு ஏற்பட்ட தோல்வி என்றே கூற வேண்டும். ஆயினும் தம் இனத்தாரின் பகையைத் தேடிக்கொண்டவரை இந்தியர் மறக்கவில்லை. 1884 டிசம்பரில் அவர் விடைபெற்றபோது, கல்கத்தாவிலிருந்து பம்பாய் வரை வழியெங்கும் மக்கள் திரண்டு வழியனுப்பினார்கள். அதற்கு மறு ஆண்டே காங்கிரஸ் மகாசபை தோன்றியது.

இங்கிலாந்து திரும்பியபின் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் உள்ளிட்ட உயர்பதவிகளை வகித்தார். ஆனால் நான் மிகவும் வியந்தது வேறொன்று. 1895-இல் அவர் தம் பட்டத்துக்குப் பெயர் தந்த ரிப்பன் என்னும் சிற்றூருக்கு மேயர் ஆனார். சுமார் 25 கோடி மக்களை ஆண்டவர் அறுபத்தெட்டாம் வயதில் ஒரு சிறு நகர்மன்றத்தின் தலைமையில் அமர்ந்தார்! இந்தியருக்குப் பயிற்சிப் பள்ளி என்று எதைக் காட்டினாரோ, அதே பள்ளியில் முதுமையில் தாமும் வந்து அமர்ந்தார். ஊர்க்காரியத்தை அவர் சிறிதாக எண்ணவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1909-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில் அவர் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை மாநகராட்சி தன் புதிய மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது. 1913-இல் திறக்கப்பட்ட அம்மாளிகை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி என் வீட்டுக் கதை. இவ்வளவையும் படித்தபின், எழுதிய மனுவை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தேன். வரைபடத்தில் கண்டதைச் சொன்னேன். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காலை கொத்தனார் வந்தார். சரிவையும் ஒரு படியையும் இடித்து, வேண்டும்போது தூக்கி எடுக்கக் கூடிய கற்பலகை ஒன்றைப் போட்டார்கள். அடியிலிருந்து அள்ளிய மண் நான்கு கூடை இருக்கும். எதிர்வீட்டு ஆயா தம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மதியம் கொத்தனாருக்கு மோர் கொடுத்தனுப்பினார். எங்களுக்கும் ஒரு செம்பு வந்தது.

தெருக்கோடியில் இன்னும் மூன்று வீடுகளின் படிகள் சாக்கடையின் மேல்தான் நிற்கின்றன. அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குத் தாமும் போய், முழு வாய்க்காலையும் தூர் வாரும்படி கேட்கப் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. இம்முறை மனு அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

நண்பர்களே, நம்மில் பலர் நாட்டை ஆளக் கனவு காண்கிறோம். கனவு காண்போம்; தவறில்லை. அதற்கு முன் நம் வீட்டு வாசற்படி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்ப்போம். ஊரை ஊராரிடம் ஒப்படைத்துச் சென்ற அப்பெருமகனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகவே இருக்கட்டும்.